இரண்டாவது கம்பு

அந்தக் காலைத் தொங்கப் போடாதே தாயி. இந்த பஸ் குலுங்குகிற குலுங்கலில் இன்னும் வீங்கிவிடும். இந்தா, என் பையின் மேல் தூக்கி வை. பரவாயில்லை, வை, உள்ளே துணிதான் இருக்கிறது. சுளுக்குத்தானே? கட்டைப் பார்த்ததுமே நினைத்தேன். சுளுக்கை லேசாக எண்ணிவிடாதே. எலும்பு முறிந்தால் முறிந்தது என்று ஒரு கட்டுப் போட்டுப் படுத்துவிடலாம். சுளுக்கு அப்படி இல்லை. போய்விட்டது என்று நாம் நினைக்கிற நேரம் பார்த்துத் திரும்பி வரும். எங்கள் வீட்டுக்காரர் பட்ட பாட்டைக் கேள். சிங்கம்புணரி வருவதற்குள் சொல்லிவிடுவேன்.

எங்கள் ஊர் நரிப்பாறை மலைக்குக் கீழே இருக்கிறது. வருஷா வருஷம் மாசியில் பாரிவேட்டை. ஊரே மலைக்கு வேட்டைக்குப் போகும். ஊரே என்றால் ஆம்பளைகள். முன்னெல்லாம் முயல், பன்றி என்று தோளில் போட்டுக்கொண்டு வருவார்களாம். இப்போது முயலைத் தொட்டால் ஜெயில். அதனால் அடிப்பதில்லை. மலையை முழுக்கச் சுற்றி, புதரைத் தட்டி, முயலை எழுப்பி ஓடவிட்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். மறுநாள் கோயிலில் கிடா வெட்டி, கம்புக்கு ஒரு பங்கு கறி. முயல் தப்பித்துவிட்டது, கிடா தப்பிக்கவில்லை. சாமிக்கு அப்படித்தான் இஷ்டம் போல.

கம்பு என்றா கேட்கிறாய்? அதுதானே விஷயமே. வீட்டுக்கு ஒரு வேட்டைக் கம்பு கோயிலில் சாத்தியிருக்கும். வேட்டைக்கு முந்தின சாயங்காலம் அம்பலகாரர், அவர்தான் ஊருக்குப் பெரியவர், வரிசையாகப் பேர் சொல்லி எடுத்துக் கொடுப்பார். முதல் கம்பு அவருடையது. இரண்டாவது எங்களுடையது. என் மாமனாருடைய தாத்தா காலத்திலிருந்து எங்களுடையது. திருநீறு எங்களுக்கு இரண்டாவது. பந்தியில் எங்களுக்கு இரண்டாவது இலை. என் மகள் கவுசல்யாவைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, "ரெண்டாங் கம்பு வீடுங்களா" என்று கேட்டுவிட்டுத்தான் காப்பியைக் கையில் வாங்கினார்கள். மூன்றாவது கம்பு என் கொழுந்தன் ஆண்டிச்சாமியுடையது. பாகம் பிரிந்தபோது அவர் தனியாக வாங்கியது. அவர் பெண்டாட்டி தேனம்மாவுக்கு அந்த மூன்று என்கிற எண்ணே ஆகாது. நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. ஆகாது, அவ்வளவுதான்.

இதில் ஒரு கட்டு உண்டு. தொடர்ந்து இரண்டு வருஷம் ஒரு வீட்டுக் கம்பு மலைக்குப் போகவில்லை என்றால், அந்தக் கம்பு வரிசையின் கடைசிக்குப் போய்விடும். போன வருஷம் எங்கள் கம்பு போகவில்லை. எனக்கு அம்மை போட்டிருந்தது. அம்பலகாரரிடம் ஆள் விட்டுக் கேட்டேன். "அம்மை எனக்குத்தானே, அவருக்கு இல்லையே, அவரை விடுங்க" என்று. அவர் பதில் சொல்லி அனுப்பினார்: "கம்பு ஆளுக்கு இல்ல, வீட்டுக்கு. வீட்டுல அம்மைன்னா கம்பு வராது." ஊர்க்கட்டு அது. நான் வாயை மூடிக்கொண்டு வேப்பிலையில் படுத்துக் கிடந்தேன். தேனம்மா ஜன்னலுக்கு வெளியே நின்று, "அக்கா, நீங்க நிம்மதியா படுங்க. கம்பு எங்க போயிரப்போகுது, பக்கத்து வீட்டுக்குத்தானே" என்று ஆறுதல் சொன்னாள். ஆறுதலாம்.

ஆக, இந்த வருஷம் எப்படியும் போயாக வேண்டும். தையில் இவர் மோட்டார் ரூம் படியில் வழுக்கி விழுந்தார். வலது கணுக்கால். என் உயிரே போய்விட்டது. அவர் விழுந்ததற்கு இல்லை. சரி, அவர் விழுந்ததற்கும்தான்.

கட்டுக் கட்டுகிற வைத்தியரிடம் போனோம். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்தமாவும் குழைத்துக் கட்டினார். "ஒண்ணுமில்லம்மா, லேசான பிசகு. கட்டு அவுத்த பொறவு கொஞ்சங் கொஞ்சமா நடக்க விடுங்க. வேட்டைக்குத் தாராளமாப் போகலாம்" என்றார். தாராளமாம். ஏறுகிறவனுக்குத் தெரியும் மலை. நான் ஏறியதில்லை, ஆனால் வேட்டைக்குப் போய்விட்டு வந்த வேட்டியை இருபத்தைந்து வருஷமாகத் துவைத்திருக்கிறேன். ஒட்டுமுள்ளை ஒவ்வொன்றாக எடுத்திருக்கிறேன். எல்லா முள்ளும் இடது பக்கமாகவே இருக்கும். அந்த மலையில் அப்படி ஒருக்களித்துத்தான் ஓட வேண்டியிருக்கும் போலிருக்கிறது, பாவம். சட்டையில் மிளகும் மல்லியும் கலந்த ஒரு வாசம் வரும். மூலிகைக் காடு அது.

கட்டு அவிழ்த்ததும் நான் வேலையை ஆரம்பித்தேன். கவுசல்யா போனில் ஒரு வீடியோ அனுப்பினாள். சுளுக்குக் காலுக்கு என்னென்ன பயிற்சி என்று ஒரு டாக்டர் பெண் செய்து காட்டுகிறாள். துண்டைப் பாதத்தில் மாட்டி இழுப்பது, கால்விரலால் கோலிகுண்டைப் பொறுக்கி டம்ளரில் போடுவது, ஒற்றைக்காலில் நிற்பது. இவர் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்த்தார்.

"ஏ மீனா, வேட்டைக்கு இந்தக் கால் போதும்டி."

"எது போதும்? மலை முழுக்கச் சுத்தணும்னு தெரியாதா?"

"சுத்துறதெல்லாம் ஒண்ணும் பெருசில்ல."

"பெருசில்லையா? போன தடவை வந்து பதினோரு முயல எழுப்பினோம், நரியைத் தொரத்தினோம், நாக்கு தள்ளிருச்சுன்னு சொன்னீங்களே?"

அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். தன் வீரத்தைத் தானே பேசிக்கொள்கிற ஆள் இல்லை அவர்.

விடுவேனா? கால் சும்மா இருந்தாலும் கை சும்மா இருக்கக்கூடாது என்று ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டச் சொன்னேன். வயிறு கூடிவிடும் என்று வடையை நிறுத்தினேன். ஆட்டுக்கால் சூப்பு, முருங்கைக்கீரை, கேழ்வரகுக் களி. பயிற்சி மட்டும் செய்ய மாட்டேன் என்றார். "நீ செஞ்சு காட்டு, பார்த்துக்கிறேன்" என்பார். நான் செய்து காட்டுவேன். "சரியா விளங்கல, இன்னொரு தரம்" என்பார். இன்னொரு தரம் செய்வேன். ஒற்றைக்காலில் நிற்பேன், உட்கார்ந்து எழுவேன், படி ஏறி இறங்குவேன். அவருக்கு விளங்கவே இல்லை. அந்த வீடியோவில் என்ன சொல்கிறாள் என்று எனக்கு இப்போது மனப்பாடம்.

தேனம்மா மதில் சுவருக்கு மேலே தலையை நீட்டினாள். "என்னக்கா, இந்த வயசுல பரதநாட்டியமா?"

"ஒங்க அத்தானுக்குக் கால் பழக்குறேன்."

"அத்தான் படுத்துல்ல கெடக்காரு? ஆடுறது நீங்கள்ல?"

"பார்த்துப் பழகுறாரு" என்றேன். அவளுக்கு என்ன தெரியும்? ஆண்டிச்சாமி எதையும் பழகாமலே போகிற ஆள். மலைக்குப் போகிற நாள் கையில் சீட்டுக்கட்டோடு கிளம்புவார். கேட்டால், முயல் எழும்புகிற வரைக்கும் பொழுது போக வேண்டாமா என்பார்.

வேட்டைக்கு இரண்டு நாள் இருக்கும்போது இவர் நன்றாகவே நடந்தார். டீக்கடைவரைக்கும் போய்விட்டு வந்தார். வாயில் எண்ணெய் மினுங்கியது. யாரோ கையைப் பிடித்து வடையைத் திணித்துவிட்டார்களாம். எனக்கு ஒரே கவலை. சமதரையில் நடக்கிறார், சரி. மலையில் உருளுகல் அல்லவா? வீட்டில் உருளுகல்லுக்கு எங்கே போவேன்? யோசித்தேன். புளியங்கொட்டை ஞாபகம் வந்தது. ஒரு மரக்கால் புளியங்கொட்டையைக் கூடத்தில் பரப்பிவிட்டேன்.

"இதுல நடங்க."

"ஏய், ஒனக்குப் பைத்தியமா?"

"இதுல நடந்துட்டா மலை ஒண்ணுமே இல்ல. ரெண்டாங் கம்பு போகணுமா வேண்டாமா?"

நடந்தார். நாலு எட்டு அழகாக வைத்தார். ஐந்தாவது எட்டு வைக்கும்போது தேனம்மா தலையை நீட்டி, "அட, அத்தான் சின்னப் பையன் மாதிரி நடக்குறாரே!" என்றாள். அவ்வளவுதான். சாய்ந்தார். அதே கால், அதே கணு. கத்திய கத்தலில் தொழுவத்து மாடு கயிற்றை அறுத்துக்கொண்டது. கண் என்பது பொய்யே இல்லை தாயி. அந்த நேரத்தில் அவள் தலை நீட்டாமல் இருந்திருந்தால் அவர் மறுசுவருக்கே போய்ச் சேர்ந்திருப்பார். வெறும் புளியங்கொட்டை ஒரு ஆளை என்ன செய்யும்?

வேட்டைக்கு முந்தின சாயங்காலம். காலைத் தலையணையில் வைத்துக்கொண்டு இவர் சொல்கிறார்: "விடு மீனா. ஆண்டி யாரு, என் தம்பிதானே. அவன் நிக்கட்டும் ரெண்டாவதா."

எப்படிச் சொல்ல மனசு வந்தது பார். நான் முகத்தைக் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். என்ன பேசப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. அஞ்சாங்கிளாஸோடு நின்றவள் நான், சபையில் பேசிப் பழக்கமில்லை. அம்பலகாரர் முதல் கம்பை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு, "ரெண்டாங் கம்பு, வெள்ளைக்கண்ணு வீடு" என்று எங்கள் வீட்டுக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒருவரும் போகவில்லை. ஆண்டிச்சாமி செருப்பைக் கழற்றிவிட்டுத் தயாராக நிற்கிறார். தேனம்மா பட்டுச்சேலை கட்டி வந்திருக்கிறாள். வேட்டைக்கு முந்தின நாள் எவளாவது பட்டுக் கட்டுவாளா?

"வந்திருக்கோம்" என்றேன். என் குரல்தான், எனக்கே அடையாளம் தெரியவில்லை.

"வெள்ளைக்கண்ணு வந்திருக்கானா?"

"அவர் வரல. வீடு வந்திருக்கு."

"என்னம்மா சொல்ற?"

"போன வருஷம் நீங்கதான் சொல்லி அனுப்புனீங்க. கம்பு ஆளுக்கு இல்ல, வீட்டுக்குன்னு. அவர் நல்லாத்தான் இருந்தாரு, எனக்கு அம்மைன்னு கம்ப நிறுத்துனீங்க. நான் படுத்தா வீடு படுத்ததுன்னா, நான் நடந்தா வீடு நடந்ததுதானே?"

ஆண்டிச்சாமிதான் முதலில் வாயைத் திறந்தார். "மதினி, மலையில வழுக்கும்."

"எனக்குக் கால் பழக்கமாயிருச்சு தம்பி."

"பாம்பு கெடக்கும்."

"ஒங்களுக்கு மட்டும் ஒதுங்கிப் போகுமா?"

அம்பலகாரர் கம்பையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். சொன்ன சொல்லை மாற்ற முடியாது, பெரிய மனுஷன். "அடிவாரம் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிரும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெல்லச் சொன்னது என் காதில் விழுந்தது. கம்பை நீட்டினார். வாங்கிக்கொண்டேன். தேனம்மா பட்டுச்சேலையோடு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் விடியலில் கிளம்பினோம். அடிவாரத்தில் பெரிய பாறை ஒன்று உண்டு. அதைத் தாண்டியதும் ஒரு ஆலமர நிழல். போய்ப் பார்த்தால், அங்கே அடுப்புக் கூட்டி விறகு அடுக்கியிருக்கிறது. இரண்டு அண்டா. பாய் விரித்திருக்கிறது. பக்கத்தில் ஒரு கூடையில் ஐந்து சேவல், காலைக் கட்டிக் கிடக்கின்றன. அதில் ஒன்று என்னுடைய செம்பூத்துச் சேவல்! உனக்கு நான் சொல்லவில்லையே. வருஷா வருஷம் வேட்டைக்கு முந்தின நாள் ஊரில் சேவல் காணாமல் போகும். நரி வந்து தூக்கிவிடும் என்பார்கள். வேட்டை வருவது நரிக்கு எப்படித்தான் தெரியுமோ என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

"அம்பலம், இங்க பாருங்க! நரி இல்ல, திருட்டுப் பயலுக! திருடிக் கொண்டாந்து ஆக்கித் திங்கப் பார்த்திருக்கானுக!"

ஆம்பளைகள் எல்லாரும் அப்படியே கல்லாகிவிட்டார்கள். பாவம், அதிர்ச்சி. அம்பலகாரர்தான் சுதாரித்துக்கொண்டு, "ஆமா ஆமா, திருட்டுப் பயலுக" என்றார். ஆண்டிச்சாமி அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியிருந்தது.

"சரி, சேவல் பத்திரமா இருக்கட்டும். திரும்பும்போது எடுத்துக்குவோம். மேல ஏறுங்க."

"மதினி, செத்த நேரம் இளைப்பாறி..."

"இன்னும் ஏறவே இல்லையே தம்பி, எதுக்கு இளைப்பாற?"

ஏறினோம். அம்பலகாரருக்குப் பின்னால் நான். எனக்குப் பின்னால் ஆண்டிச்சாமி. உண்மையைச் சொன்னால் எனக்கு மூச்சு வாங்கவில்லை. ஆனால் இந்த வருஷம் ஆம்பளைகளுக்கு என்ன சீக்கோ தெரியவில்லை. ஒருத்தருக்குத் தொடை பிடித்துக்கொண்டது. ஒருத்தர் மரத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறார். வழிகூட மறந்துபோயிருக்கிறது. ஒருத்தர் இப்படி என்கிறார், இன்னொருத்தர் அப்படி என்கிறார். வருஷா வருஷம் வருகிற மலை! காடு வளர்ந்து மறைத்துவிட்டது போல. நானே முன்னால் போய்ப் புதரைக் கம்பால் விலக்கி வழி பார்த்தேன். பின்னால் திரும்பி, "விரலை ஊனி வைங்க, குதிகால மெதுவா வைங்க" என்று அந்த டாக்டர் பெண் சொன்னதைச் சொல்லிக்கொண்டே போனேன்.

உச்சிக்குப் பக்கத்தில் ஒரு புதரைத் தட்டினேன். சடாரென்று முயல். கொழுத்த முயல், காதைத் தூக்கிக்கொண்டு நேரே அம்பலகாரரின் இரண்டு காலுக்கும் நடுவில் பாய்ந்தது. "ஆத்தாடி!" என்று அலறி அவர் ஆண்டிச்சாமி மேல் விழுந்தார். ஆண்டிச்சாமி அவருக்குப் பின்னால் இருந்தவர் மேல் விழுந்தார். பதினோரு முயல் எழுப்புகிற ஆட்கள், ஒரு முயலுக்கு இப்படி. நான் கும்பிட்டேன். அது ஒரு நிமிஷம் நின்று என்னைப் பார்த்துவிட்டுத்தான் போனது. சத்தியம். அந்த முகத்தில் ஒரு ஆச்சரியம். இத்தனை வருஷத்தில் மனுஷரையே பார்க்காத மாதிரி.

மலையை முழுக்கச் சுற்றிவிட்டுத்தான் இறங்கினோம். நான் விடவில்லை. ஐந்து சேவலையும் நானே தூக்கிக்கொண்டு வந்து சொந்தக்காரர்களிடம் கொடுத்தேன். வேட்டைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு வராத வருஷம் இது என்று பெண்கள் எல்லாரும் குலவை போட்டார்கள். ஆம்பளைகள் பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார்கள். அவர்கள் வேட்டியில் இந்த வருஷம் நாலு பக்கமும் முள். மறுநாள் கிடா பங்கு வைக்கும்போது பாதிப் பேரால் கால் மடக்கி உட்கார முடியவில்லை. இரண்டாவது பங்கை என் கையில் கொடுத்தார்கள்.

தேனம்மா வந்தாள். மதில்மேல் தலை நீட்டவில்லை, வாசல் வழியாகவே வந்தாள். "அக்கா, ஒரு சந்தேகம். வருஷா வருஷம் மலைக்குப் போற ஆளு, இந்தத் தடவை மட்டும் ஏன் இப்படி அனத்துறாரு? கேட்டா அடிக்க வர்றாரு."

"பழக்கம் விட்டுப்போச்சு தேனு. ஆம்பளைக ஒடம்ப நாமதான் பார்க்கணும்."

அவள் போனை எடுத்தாள். "அந்த வீடியோவ எனக்கும் அனுப்புங்க" என்றாள். இப்போது சாயங்காலம் எங்கள் வாசலில் எட்டுப் பத்துப் பெண்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு ஊரில் இவ்வளவு மதிப்பு இருக்கிறது என்று எனக்கு இதுவரைக்கும் தெரியாது. ஆண்டிச்சாமி தன் வண்டியில் வைத்து வைத்தியரிடம் கூட்டிப் போகிறார். ஒருத்தர் தைலம் கொண்டுவருகிறார், ஒருத்தர் முட்டை. "கால் எப்படி இருக்கு? அடுத்த மாசிக்குத் தேறிருமா? எப்படியாவது தேத்திருங்க" என்று ஒவ்வொருத்தரும் கெஞ்சுகிறார்கள். இவரும் என்ன ஞானம் வந்ததோ, யாரும் சொல்லாமலே துண்டை மாட்டிக் காலை இழுக்கிறார், கோலிகுண்டு பொறுக்குகிறார். "மலையில வேற என்ன பார்த்த?" என்று நாலு தரம் கேட்டுவிட்டார். அண்டாவைச் சொன்னேன், பாயைச் சொன்னேன். "திருட்டுப் பயலுகதான்" என்றார், மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு.

நேற்று அம்பலகாரரே வீட்டுக்கு வந்துவிட்டார், கம்பு ஊன்றிக்கொண்டு. நாற்காலியில் உட்கார்ந்து இவர் கணுவைத் தடவிப் பார்த்தார். "வெள்ளைக்கண்ணு, ஒன் காலு ஒன் காலு இல்லடா, ஊர்க் காலு" என்றார். எவ்வளவு பெரிய வார்த்தை! காப்பியைக் கொடுத்துவிட்டுச் சொன்னேன்:

"நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க அம்பலம். அவர் கால் தேறினாலும் அவரை மட்டும் தனியா அனுப்ப மாட்டேன். நானும் வருவேன். தேனம்மாவும் வர்றேங்கிறா. அங்க வாசல்ல நிக்கிறாங்களே, அவ்வளவு பேரும் வர்றாங்க. ஒங்க எல்லாரையும் மலையில பார்த்துக்க ஆள் வேணும்ல?"

பெரிய மனுஷன், குடித்த காப்பி பாதியில் நின்றுவிட்டது. கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர் வந்துவிட்டது, தாயி. ஊர்ப் பொம்பளைகள் மேல் அவ்வளவு பாசம் வைத்திருக்கிறார் என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும்.